இசைக்காணொளி என்னும் கலை எப்படி மாறியிருக்கிறது? உங்கள் மனத்தில் நின்றவை எவை?

தாமிரபரணிக்காரன் கேட்டது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1997-இல் நான் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு இருந்த ஒரே வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பிகளுக்கு இடையே எட்டிப் பார்த்துத்தான் இந்தக் கலை எனக்கு அறிமுகமானது. ஏ.ஆர். ரகுமானின் ‘வந்தே மாதரம்’ இசைத்தொகுப்புக்காகப் பரத்பாலா எடுத்த காட்சிகளை, பாலைவனத்தில் மக்கள் கூடி மிகப் பெரிய தேசியக்கொடியைத் தூக்கி நிறுத்துவதை, அங்கேதான் முதலில் பார்த்தேன். கதாநாயகன் இல்லை, கதாநாயகி இல்லை, கதையும் இல்லை. ஒரு பாட்டுக்காகவே படம் எடுப்பார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இன்று என் மகளுக்கு வயது பதினான்கு. பாட்டின் முப்பது விநாடிகளை, நெட்டுவாக்கில் பிடித்த கைப்பேசியில், ஒரே நடன அசைவை நூறு பேர் திரும்பத் திரும்ப ஆடுவதாகவே அவள் பார்க்கிறாள். அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தக் கலை இடையில் என்னவாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். மேலும், உங்களால் மறக்க முடியாத ஒன்றிரண்டு காணொளிகளைச் சொல்லுங்கள். பெயரோடு நிறுத்தாமல், எந்தக் காட்சி ஏன் மனத்தில் தங்கியது என்பதையும் எழுதினால் அவளோடு உட்கார்ந்து பார்ப்பேன்.

வெட்டும் ஒட்டும் எழுதியது:

பதினெட்டு ஆண்டுகளாகப் படத்தொகுப்பு மேசையில் இருப்பவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்தவரை, இந்தக் கலை ஒவ்வொரு முறை மாறியபோதும் காரணமாக இருந்தது அதைக் காட்டிய பெட்டிதான். 1975-இல் இங்கிலாந்தின் குவீன் இசைக்குழுவினர் ‘பொஹீமியன் ராப்சடி’க்குச் சில மணி நேரத்தில் ஒரு காணொளி எடுத்தார்கள் என்றால், சுற்றுப்பயணத்தில் இருந்த அவர்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நேரில் போக முடியாததும் அதற்கு ஒரு காரணம். 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் இசைக்காணொளிகளுக்கென்றே எம்டிவி என்ற தொலைக்காட்சி தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. நாள் முழுவதும் ஓட்டுவதற்குக் காணொளிகள் தேவைப்பட்டன. இசை நிறுவனங்கள் பணத்தை இறக்கின. அந்தப் பணம் கலைஞர்களுக்கு வாங்கித் தந்தது முக்கியமாக நேரத்தைத்தான் என்பேன். நார்வேயின் ஆ-ஹா குழுவுடைய ‘டேக் ஆன் மீ’க்கு முதலில் எடுத்த சாதாரணக் காணொளி எடுபடவில்லை. 1985-இல் ஸ்டீவ் பேரன் இயக்கிய இரண்டாவது காணொளியில், படம்பிடித்த காட்சிகளின் மேல் ஏறத்தாழ 3,000 சட்டகங்களை (ஃபிரேம்களை) பென்சிலால் ஒவ்வொன்றாக வரைந்தார்கள்; அந்த வேலை 16 வாரம் பிடித்தது. அடுத்த ஆண்டு ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ பாட்டுக்காக அதன் பாடகர் பீட்டர் கேப்ரியல் ஒரு கண்ணாடித் தகட்டின் கீழே 16 மணி நேரம் படுத்திருந்தார். அவர் முகத்துக்கு மேலே பொருள்களை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமெடுத்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு குறுந்தகடு விற்பனை சரிந்தது, காணொளிக்கான பணமும் வற்றியது. 2005-இல் யூடியூப் வந்தது. மறு ஆண்டே ஓகே கோ குழுவின் நால்வர், எட்டு ஓட்டப்பயிற்சி இயந்திரங்களின் மேல், கேமரா அசையாமல் நிற்க, ஒரே மூச்சில் ஆடி முடித்த காணொளியை உலகமே பார்த்தது. படப்பிடிப்பு நடந்தது இயக்குநரின் வீட்டில். பணம் போனால் கலை போய்விடும் என்று அஞ்சிய என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

உங்கள் மகள் பார்க்கும் நெட்டுவாக்குத் திரையைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. இப்போதெல்லாம் கிடைவாக்கில் ஒன்று, நெட்டுவாக்கில் ஒன்று என இரண்டு வடிவங்களையும் கேட்கிறார்கள். சென்ற ஆண்டு எனக்கு வந்த ஒரு வேலையில் ஆறு பேர் வரிசையாக ஆடும் அழகான ஷாட் ஒன்று இருந்தது. நெட்டுவாக்கில் வெட்டியபோது நடுவில் இருந்த இருவர் மட்டுமே மிஞ்சினர். ஒருவர் அசைவு அடுத்தவருக்குத் தாவிச் செல்வதுதான் அந்த நடனத்தின் உயிர். அதையே வெட்டித் தூர எறிந்தேன். இதற்குப் பயந்து ஒளிப்பதிவாளர்கள் இப்போது எல்லாவற்றையும் நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஓரங்களைப் பயன்படுத்தும் பழக்கமே போய்விடுமோ என்று தோன்றுகிறது.

எனக்குப் பிடித்தது, கெமிக்கல் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்து மின்னணு இசை இரட்டையரின் ‘ஸ்டார் கிட்டார்’, 2002. இயக்கியவர் மிஷேல் கோந்திரி. ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே தெரியும் காட்சி, அவ்வளவுதான். நீம் நகருக்கும் வலான்ஸுக்கும் இடையிலான தென் பிரான்ஸ் பாதை. முதல் ஒரு நிமிடம் ஒன்றும் புரியாது. பிறகு, மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கம்பம் கடக்கிறது, இன்னோர் ஒலி வரும்போதெல்லாம் அதே கட்டடம் திரும்ப வருகிறது என்பது மெல்லப் பிடிபடும். கட்டமிட்ட தாளில் திட்டமிட்டு, ஆரஞ்சுப் பழங்களையும் முள்கரண்டிகளையும் காலணிகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்து, எந்த ஒலிக்கு எந்தப் பொருள் என்று கோந்திரி முடிவு செய்தார். வெளிச்சம் மாறுவதற்காக அதே பாதையைப் பகலின் வெவ்வேறு நேரங்களில் பத்து முறை படமெடுத்தார். வெட்டே கண்ணுக்குத் தெரியாத இந்தக் காணொளியில்தான் நான் தாளத்தைப் பற்றி அதிகம் கற்றேன்.

வடசென்னைவாசி எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் கருத்தோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் தமிழர்களாகிய நமக்கு வேறொரு சிக்கல் இருந்தது. நம்மிடம் திரைப்பாடல் இருந்தது. பாட்டுக்குக் காட்சி என்றால் அது ஒரு கதைக்குள் வரும் காதலோ சோகமோதான் என்று பழகிவிட்டோம். யூடியூப் வந்த பிறகே, படத்துக்கு வெளியே ஒரு பாட்டு தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொள்ள முடிந்தது.

நான் சொல்ல விரும்புவது 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’. பாடியவர் டி.எம். கிருஷ்ணா, வரிகள் கபேர் வாசுகி, இயக்கம் ரதீந்திரன் பிரசாத். கர்நாடக இசையை மேடையில், விளக்கொளியில், பட்டு வேட்டியோடு பார்த்தே பழகிய கண்களுக்கு, அனல்மின் நிலையங்கள் சூழ்ந்த எண்ணூரில் ஒரு வித்துவான் ராகமாலிகை பாடுவது அதிர்ச்சியாக இருந்தது. அதுவும் சென்னைத் தமிழில். பொறம்போக்கு என்றால் ஏரி, ஆறு, மேய்ச்சல் நிலம் என ஊருக்கெல்லாம் பொதுவானது. அந்தச் சொல் எப்படி வசவாக மாறியது என்பதுதான் பாட்டின் கேள்வி. இதை அரங்கத்தில் பாடியிருந்தால் கைதட்டிவிட்டுப் போயிருப்போம். கொசத்தலை ஆற்றின் முகத்துவாரத்தையும் சாம்பலையும் பின்னால் வைத்துப் பாடியதால், கேள்வி என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. நான் நாள்தோறும் பேருந்தில் கடந்துபோகும் பகுதி அது.

நான் அதை முதலில் பார்த்தது கைப்பேசியில்தான். முழுவதையும், நின்றபடியே பார்த்தேன். ஆகவே திரை சிறியது என்பதை மட்டும் குற்றமாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

பழைய வானொலி எழுதியது:

தம்பி தாமிரபரணிக்காரனுக்கு, என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் ‘ஹர்ட்’, இயக்கம் மார்க் ரொமானெக்.

பாட்டு நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவுடையது. இளைஞர் ஒருவர் தன் வலியை எழுதியது. எழுபது வயதைத் தொட்டுத் தளர்ந்துபோன கேஷ் அதைத் தன் டென்னசி வீட்டில் உட்கார்ந்து பாடுகிறார். விருந்துணவு நிறைந்த மேசையின் மேல், கை நடுங்க, கிண்ணத்து மதுவை ஊற்றுகிறார். அவருடைய பழைய படச்சுருள்கள் இடையிடையே வருகின்றன. மூடிக்கிடந்த அவருடைய அருங்காட்சியகமும் வருகிறது. மனைவி ஜூன் படிக்கட்டில் நின்று அவரைப் பார்க்கிறார். அந்தப் பார்வையை நான் பார்த்தது என் கணவர் மருத்துவமனையில் இருந்து திரும்பிய மாதம். சமையலறை வாசலில் நின்று அவரை நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2003 மே மாதத்தில் ஜூன் இறந்தார், செப்டம்பரில் கேஷும் போனார். 2007-இல் அந்த வீடும் எரிந்துபோனது.

காணொளியின் கடைசியில் கேஷ் பியானோவின் மூடியைச் சாத்தி, அதை விரல்களால் தடவுகிறார். இந்தக் காணொளியைப் பிள்ளைக்கு இப்போதே காட்ட வேண்டாம், தம்பி. சில வருடங்கள் போகட்டும்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா, நீங்கள் சொன்னதை நான் மட்டும் இரவில் பார்த்தேன். படிக்கட்டுக் காட்சியில் நிறுத்திவிட்டு, சிறிது நேரம் கழித்துத்தான் தொடர முடிந்தது.

‘ஸ்டார் கிட்டார்’ ஓடத் தொடங்கியதும், “அப்பா, இதில் யாருமே இல்லையே” என்றாள் மகள். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் நிமிடத்தில் அவள் விரல் மேசையில் தட்டத் தொடங்கியது. முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னாள். நாளைக்கு எண்ணூர்ப் பாட்டைப் பார்க்கப் போகிறோம். அதற்கு முன்பு பொறம்போக்கு என்ற சொல்லை அவளுக்கு விளக்கிவிடலாமா, அல்லது பாட்டே சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா? வடசென்னைவாசி சொல்ல வேண்டும்.