கம்ப்யூட்டர் சிஸ்டம் அசெம்பிள் செய்து வாங்கியவர்களே, உங்களுக்கு வாய்த்த ஆள் எப்படி?

வெட்டி ஒட்டுபவன்:

வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. புது சிஸ்டத்துக்காகப் பல பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். எல்லாத் தாளிலும் ஒரே பாட்டு: ஐ7 ப்ராசசர், 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 750 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி), ஒரு கிராபிக்ஸ் கார்டு. தொகையில் மட்டும் கொஞ்சம் ஏற்ற இறக்கம். இந்தத் தாள்களை வைத்து யார் விவரமானவர் என்று சொல்லவே முடியாது. அவர்கள் கேட்ட கேள்விகளை வைத்துத்தான் ஆளை எடைபோட முடிந்தது.

பெரும்பாலானோர் கேட்டது பட்ஜெட் மட்டும். ஒருவர்தான் "கேமராவில் எந்த ஃபார்மட்டில் ஷூட் பண்றீங்க சார்?" என்றார். எச்.265, 10 பிட், 4:2:2 என்றேன், அதாவது நன்றாகச் சுருக்கியும் நிற விவரம் கூடுதலாக வைத்திருக்கும் வகை. "அப்போ மாடல் பேர் கடைசியில எஃப் போட்ட ப்ராசசர் உங்களுக்கு வேண்டாம்" என்றார். மற்ற தாள்களில் இருந்ததெல்லாம் அந்த எஃப்தான். அதில் உள்கிராபிக்ஸ் கிடையாது, விலை சற்றுக் குறைவு. தனி கார்டு போடுகிறோமே, உள்கிராபிக்ஸ் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. கேம் விளையாடுபவருக்கு அது சரியான கணக்கும்கூட. ஆனால் நான் எடுக்கும் வகை ஃபுட்டேஜை மென்பொருள் உதவியில்லாமல் சிப்பிலேயே டீகோட் செய்யும் (சுருக்கியதை விரித்துக் காட்டும்) வசதி இன்டெலின் உள்கிராபிக்ஸில் இருக்கிறது. க்விக் சிங்க் என்பார்கள். என்விடியாவில் அது ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த வேலையில் கைகொடுக்காது, எடிட் செய்யும்போது வீடியோ திக்கித் திக்கி ஓடும். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

'1 டிபி எஸ்எஸ்டி' என்ற வரியையும் அவர் பிரித்துக் காட்டினார். டிஎல்சி வகையா (ஒரு செல்லில் மூன்று பிட்), க்யூஎல்சி வகையா (நான்கு பிட்)? க்யூஎல்சியில் பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து எழுதினால் கேஷ் என்ற வேகமான தற்காலிக இடம் நிரம்பும்வரை பறக்கும், நிரம்பியதும் சில மாடல்கள் பழைய ஹார்டுடிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடும். ஆபீஸ் வேலைக்கு இது தெரியவே தெரியாது. மணிக்கணக்கான ஃபுட்டேஜைக் கொட்டுகிறவனுக்கு அன்றாடம் தெரியும். அப்புறம் எஸ்எம்பிஎஸ். பெட்டியில் இருக்கும் 80 ப்ளஸ் கோல்டு முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கு மட்டும்தான்: 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் 90 சதவீதம். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் தரமானதா, ஷார்ட் ஆனால் பாதுகாப்பாக அணையுமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. இதை விளக்கிவிட்டு மாடல் பெயரோடு எழுதிக் கொடுத்தார்.

14ஆம் தலைமுறை ஐ7 முடிவானது. விண்டோஸ் போடுவதற்கு முன்பே பயாஸை (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளை) அப்டேட் செய்தார், நான் கேட்காமலே. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் நிலைகுலையும் பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில் இன்டெல் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (பயாஸ் அப்டேட்டோடு வரும் ப்ராசசர் திருத்தம்) வெளியிட்டது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. அடைந்த சேதத்தை அந்த அப்டேட் சரிசெய்யாது, வராமல் தடுக்கத்தான் செய்யும். அதனால் முதல் நாளே போடுவது முக்கியம் என்றார். அவரிடம்தான் வாங்கினேன் என்று சொல்லவும் வேண்டுமா?

பழைய கீபோர்டு:

கொடுத்து வைத்தவர் சார் நீங்கள். என் கதை வேறு மாதிரி.

பாகங்களை நானே பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, பூட்டித் தர மட்டும் ஒருவரிடம் கொடுத்தேன். சிஸ்டம் ஓடியது, குறை சொல்ல முடியாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ரேம் வேகம் 4800 என்று காட்டியது. நான் வாங்கியது 6000. ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போவைப் பயாஸில் ஆன் செய்யவே இல்லை. மூடியைக் கழற்றினால் இரண்டு ரேமும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட்டால்தான் டூயல் சேனல், அதாவது இரண்டு ரேமும் இரு தனிப் பாதையில் சேர்ந்து ஓடும். இது மதர்போர்டு கையேட்டிலேயே படம் போட்டு இருக்கும். சரி, மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

பெரிய அடி அதற்கப்புறம். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றக் கொண்டுபோனேன். பழையதும் மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டும் வகை), புதியதும் மாடுலர். கேபிள் எல்லாம் ஏற்கெனவே அழகாகக் கட்டியிருக்கிறதே, எதற்குப் பிரிக்க என்று புது எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய கேபிள்களையே சொருகிவிட்டார். கச்சிதமாகத்தான் பொருந்தின. சிக்கலே அதுதான். ஹார்டுடிஸ்க் பக்கம் இருக்கும் கனெக்டருக்குத்தான் பொது விதிமுறை உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தக் குழியில் எந்த வோல்டேஜ் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, சில சமயம் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்கே வேறு. 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது. பவர் போட்டதும் லேசாகக் கருகல் வாடை. ஹார்டுடிஸ்கைத் திருப்பிப் பார்த்தால் பவர் கனெக்டர் அருகே அரிசி அளவு கறுப்பு சில்லு ஒன்று வெடித்துப் பிளந்திருந்தது. "டிஸ்க் ஏற்கெனவே வீக்கா இருந்திருக்கும்" என்றார் அந்த மனிதர். அசரவே இல்லை!

அதிலிருந்து, யாரிடம் போனாலும் 'பழைய எஸ்எம்பிஎஸ் கேபிளையே வைத்துக்கொள்ளலாமா?' என்று முதலில் கேட்டுப் பார்க்கிறேன். 'வெச்சுக்கலாமே' என்று பதில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

அமைதியான ஃபேன்:

என்னுடையது சின்ன அனுபவம். ஏஎம்5 போர்டு (ஏஎம்டி ப்ராசசருக்கானது), டிடிஆர்5 ரேம். பூட்டியவர் பெட்டியைக் கொடுக்கும்போதே, "பயாஸ் ரீசெட் ஆனாலோ ரேம் மாத்தினாலோ முதல் தடவை ஆன் ஆக சில நிமிஷம் ஆகும்ணா. திரை கறுப்பாவே இருக்கும். ரேமை அது சோதிச்சுப் பழகிக்குது. பதறி ஸ்விட்சை அணைச்சிடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். பின்னாளில் கூடுதல் ரேம் போட்டபோது அப்படியே நடந்தது. அவர் சொல்லியிருக்காவிட்டால் போர்டு போச்சு என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்திருப்பேன்.

ஸ்க்ரூடிரைவர்:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன், பல வருடமாக அசெம்பிள் செய்கிறேன். எஸ்எம்பிஎஸ் கேபிள் விஷயத்தில் கீபோர்டு அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்படிச் செய்தவருக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

ஆனால் எங்களுக்கு வரும் லிஸ்ட்டையும் பார்க்கவேண்டும். 155 மில்லிமீட்டர் உயரம் வரைதான் ப்ராசசர் கூலர் கொள்ளும் என்று எழுதியிருக்கும் கேபினட்டோடு 158 மில்லிமீட்டர் கூலர் வரும். 3 மில்லிமீட்டர்தானே, அழுத்தினால் கண்ணாடி மூடாதா என்று கேட்பார்கள். ஏஎம்5 போர்டுக்கு டிடிஆர்4 ரேம் கொண்டுவருவார்கள்; வெட்டு இருக்கும் இடமே வேறு, ஸ்லாட்டில் இறங்காது. தனியாக வாங்கிய பாகத்தில் பழுது என்றால் யார் வாரண்டிக்கு அலைவது என்ற சண்டை வேறு. பாகமும் பூட்டுவதும் ஒரே இடத்தில் என்றால் அந்தத் தலைவலி கடைக்காரருடையது. அந்த நிம்மதிக்கும் சேர்த்துத்தான் கூலி.

வாங்கப்போகிறவர்கள் பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலையும் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள். காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதுசு என்று கொடுத்ததில் ஆயிரக்கணக்கில் மணி காட்டினால் அது எங்கிருந்தோ கழற்றியது. மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை ஒரு சுற்று முழுதாக ஓடி முடிந்ததைக் காட்டச் சொல்லுங்கள், எங்களுக்கு அதில் கஷ்டமே இல்லை, இரவில் ஓடவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும். தூரம் கொண்டுபோவதாக இருந்தால் கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வாங்கிக்கொள்ளுங்கள். குலுங்கினால் ஸ்லாட்டே பெயர்ந்துவிடும்.

வெட்டி ஒட்டுபவன்:

ஸ்க்ரூடிரைவர் சார், ஒரு சந்தேகம். போர்டை மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் என்ன ஆகும்?

ஸ்க்ரூடிரைவர்:

ஓஇஎம் (புது கம்ப்யூட்டரோடு சேர்த்துத் தருவது) என்றால் அந்த போர்டோடு போய்விடும். ரீடெயில் (தனியாக வாங்கியது) என்றால் பழையதிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். உங்கள் பில்லில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள் சார். ஒன்றுமே எழுதாமல் விண்டோஸ் மட்டும் ஆக்டிவேட் ஆகியிருந்தால், உங்களுக்குப் பூட்டிக் கொடுத்தவரிடம் நேராகவே கேளுங்கள்.