புதுப்பிப்பு: வம்சாவளி ஆய்வாளரின் முதல் அறிக்கை வந்துவிட்டது

கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் யார் என்று கண்டறியத் தொழில்முறை வம்சாவளி ஆய்வாளரை அமர்த்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அமர்த்திவிட்டேன். குடும்ப வரலாறு முழுவதையும் கேட்காமல் ஒரே கேள்வியைக் கொடுங்கள் என்று அப்போது சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. மணிக்கணக்கில் கட்டணம் என்பதால் உச்சவரம்பையும் எழுத்தில் உறுதிசெய்துகொண்டோம்.

அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்தது, தேடியும் எதுவும் கிடைக்காத பதிவேடுகளின் பட்டியல்தான். இனி யார் தேடினாலும் அவற்றை மறுபடி புரட்ட வேண்டியதில்லை. இன்னொன்று: கொள்ளுத்தாத்தாவுக்குத் திருமணப் பதிவில் ஒரு வயது, இறப்புப் பதிவில் வேறு வயது. ஆய்வாளர் முன்னதையே ஏற்கிறார். திருமணத்தின்போது வயதை அவரே சொல்லியிருக்கக்கூடும்; இறந்தபோது சொன்னவர் வேறு யாரோ. இந்த நியாயத்தைப் படிப்படியாக எழுதியிருக்கிறார். கொடுத்த பணம் இதற்கே தகும்.

ஆய்வாளரைத் தேடுவோருக்கு ஒன்று. வம்சாவளி ஆய்வாளர் சங்கத்தின் உறுப்பினர் என்பது வேறு, சான்று பெற்றவர் என்பது வேறு. அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய வம்சாவளியாளர் சான்றளிப்பு வாரியம், விண்ணப்பிப்பவரின் ஆய்வுகளை மதிப்பிட்ட பிறகே சான்று தருகிறது. எப்படியானாலும் அந்த ஆய்வாளர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பெற்றோர் யார் என்பது இன்னும் உறுதியாகவில்லை. தந்தை இரண்டு பேரில் ஒருவர் என்பதுவரை வந்திருக்கிறோம். அடுத்து நிலப் பதிவுகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.