ஆம்பளைக்குக் கோபம், பொம்பளைக்கு அழுகை: நம்ம பக்கம் பார்த்த மனச்சோர்வு அனுபவங்கள்

கவுண்டர் அக்கா, சுங்கை சிப்புட்:

கடைத்தெருவில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. தோட்டத்துப் பெண்கள் வந்தால் முதலில் உடம்பைத்தான் சொல்வார்கள். தலைவலி, நெஞ்சு படபடப்பு, கைகால் உளைச்சல், தூக்கமில்லை. டாக்டர் கூட இரண்டு கேள்வி கேட்டால் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிடும். அப்புறம் மனச்சோர்வு என்று அட்டையில் ஏறும். ஆண்கள் வந்தால் காஸ்திரிக் மாத்திரை, ஒரு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு), அவ்வளவுதான். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல டாக்டர்."

உலகம் முழுக்கக் கணக்கெடுத்தால் மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் தற்கொலையில் இறப்பவர்களில் ஆண்கள்தான் அதிகம், நம் மலேசியாவிலும் அப்படித்தான். இந்த இரண்டு கணக்கும் எனக்கு ஒன்றோடொன்று ஒட்டவே மாட்டேன் என்கிறது. உங்கள் வீட்டில், லயத்தில் பார்த்ததை எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

குலை லோரி:

அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். அவர் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தை முதலில் செம்பனைக்கு மாற்றினார்கள், பிறகு வீடு கட்ட விற்றுவிட்டார்கள். லயத்தைக் காலி செய்து டவுனில் மலிவு வீட்டுக்கு வந்தோம். அம்மா ஆரம்பத்தில் விடாமல் அழுதார். அப்புறம் கீழ்வீட்டு அக்காக்களோடு பழகி, காலையில் இட்லி போட்டு விற்க ஆரம்பித்து, ஒரு மாதிரி நிமிர்ந்துவிட்டார்.

அப்பா ஒரு சொட்டுக்கூட அழவில்லை. சாயங்காலமானால் வாசலில் மோட்டாரை நிறுத்திக் கார்புரேட்டரைக் கழற்றுவார். பெட்ரோலில் கழுவுவார், ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாயால் ஊதுவார், மறுபடி மாட்டுவார். மோட்டாருக்கு ஒரு கோளாறும் கிடையாது. மறுநாளும் அதே வேலை. ஸ்பேனர் எடுத்துத் தரக் கொஞ்சம் தாமதித்தால் அது என் தலைக்குமேல் பறக்கும். ராத்திரி சம்சு, அந்த மலிவுச் சாராயம். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே கை கழுவுவார். கன்னம் ஒட்டிப் போனது. சொந்தக்காரர்கள் "தண்ணி போட்டுக் கெட்டுட்டான்" என்றார்கள். அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போன நாங்கள் யாரும் அவரைக் கூட்டிப்போக நினைக்கவில்லை.

வம்பு தும்பு:

குடிக்கிறவன் எல்லாம் நோயாளியா? நல்ல சாக்கு. பெண்டாட்டியை அடிப்பதற்கும் மூளைதான் காரணம் என்பீர்களோ? என் அக்கா பட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

பயோ டீச்சர் (ஓய்வு):

அடித்தால் அது போலீஸ் விவகாரம். நோய் இருந்தாலும் குற்றம் குற்றம்தான், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் லோரி தம்பி எழுதியதைச் சாக்கு என்று தள்ள முடியாது.

2013-ல் லிசா மார்ட்டின் குழுவினர் அமெரிக்காவில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பைத் திரும்பப் புரட்டினார்கள். அழுகை, சோகம், தூக்கமின்மை ஆகியவற்றோடு கோபம், குடி, கண்மூடித்தனமான துணிச்சல் போன்றவற்றையும் அறிகுறியாகச் சேர்த்து எண்ணியபோது மனச்சோர்வு ஆண்களில் 30.6 சதவீதம், பெண்களில் 33.3 சதவீதம் என்று வந்தது. அந்த இரண்டு மடங்கு காணாமல் போனது. அதற்காகக் குடிக்கிறவன் எல்லாம் நோயாளி ஆகிவிடமாட்டான். கேள்வித்தாளில் இல்லாத விடைக்கு மதிப்பெண் விழாது, அவ்வளவுதான். அக்காவின் இரண்டு கணக்கும் ஒட்டாததற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எது யாரைச் சுடுகிறது என்பதிலும் வித்தியாசம் உண்டு. 2002-ல் யேல் பல்கலைக்கழகத்தில் லாரா ஸ்ட்ரவுட் குழு மாணவர்களை வைத்துச் சோதித்தது. கணக்கு போடு, மனப்பாடம் செய் என்று திறமையைச் சோதித்தபோது ஆண்களுக்குக் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் ஏறியது. கூட இருந்தவர்கள் பேச்சில் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கியபோது பெண்களுக்கு ஏறியது. வேலை போன அப்பாவையும், மாமியார் முகம் கொடுத்துப் பேசாத மருமகளையும் இதில் பொருத்திப் பாருங்கள். பிறவிக்குணமா, வளர்ப்பா என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. "நீ ஆம்பளடா, அழாதே" என்று எத்தனை பையன்களை நாமே அதட்டியிருக்கிறோம்.

மூளைக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். நெருக்கடியில் மூளை சி.ஆர்.எஃப் என்ற ரசாயனத்தை விடுகிறது. லோக்கஸ் சீருலியஸ் என்ற சின்ன நரம்புக் கொத்து அதை வாங்கி உடம்பை உசுப்பிவிடும். 2010-ல் டெப்ரா பங்காசரும் ரீட்டா வாலன்டினோவும் எலிகளில் பார்த்தது இது. அழுத்தம் வந்ததும் ஆண் எலியின் நரம்பணு சி.ஆர்.எஃப்-ஐ வாங்கும் ஏற்பிகளைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது, வாசல் மணியைக் கழற்றி உள்ளே வைத்த மாதிரி. பெண் எலியில் மணி வெளியிலேயே இருக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் பெண் மூளை பலவீனமா? அவசரப்பட வேண்டாம். 1997-ல் லியா கேலியா, புரூஸ் மெக்குவன் குழுவினர் எலிகளை நாள்தோறும் அடைத்துவைத்து அழுத்தம் கொடுத்தார்கள். நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியில் ஆண் எலிகளின் நரம்பணுக் கிளைகள் சுருங்கின. பெண் எலிகளில் அந்தக் கிளைகள் அப்படிச் சுருங்கவில்லை. ஆக ஒரு இடத்தில் இவருக்கு அடி, இன்னொரு இடத்தில் அவருக்கு. எலியில் கண்டதை அப்படியே மனிதர் தலையில் ஏற்றவும் கூடாது. 2015-ல் டாஃப்னா ஜோயல் குழு 1,400-க்கும் மேற்பட்ட மனித மூளைகளின் ஸ்கேன்களைப் பார்த்தது. முழுக்க 'ஆண் மாதிரி' அல்லது முழுக்க 'பெண் மாதிரி' இருந்த மூளைகள் மிகச் சிலவே. பெரும்பாலானவை கலவை.

காயம் உருண்டை:

நான் பிள்ளை பெற்றபோது நடந்தது. பத்தியச் சோறு, காயம், வெந்நீர் எல்லாம் முறையாக நடந்தது. ஆனால் பிள்ளை அழுதால் தூக்கத் தோன்றாது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். அத்தை காத்துக் கருப்பு என்று பூசாரியை அழைத்துவந்து கயிறு கட்டினார். அவரைக் குறை சொல்லமாட்டேன், பாசத்தில்தான் செய்தார்.

வீட்டுக்கு வந்த தாதி ஒரு தாளை நீட்டினார். பத்துக் கேள்வி. "இப்பல்லாம் சிரிக்க முடியுதா?" என்கிற மாதிரி முதல் கேள்வி. அதற்கே உடைந்துவிட்டேன். நஞ்சுக்கொடி கழன்றதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன்கள் மளமளவென்று இறங்கிவிடும், சிலருக்கு அது மனசைப் புரட்டிப் போட்டுவிடும் என்று அவர்தான் விளக்கினார்.

இதில் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று. அந்த நேரத்தில் வீட்டுக்காரரும் தூங்காமல், எரிந்து விழுந்துகொண்டு, வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் இருந்தார். அவருக்கு அந்தத் தாள் வரவில்லை. "பிள்ளை பிறந்த நேரத்துல பொறுப்பில்லாமச் சுத்துறான்" என்ற ஏச்சுதான் வந்தது.

பயோ டீச்சர் (ஓய்வு):

2010-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பிள்ளை பிறக்கும் காலத்தை ஒட்டிப் பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களுக்குப் பிரசவ ஹார்மோன் இல்லை, பிரசவ வீட்டுச் சுமை இருந்தது.

இரவு ஷிப்ட்:

எனக்கே அப்படித்தான் இருக்கிறது என்று இதைப் படித்ததும் தோன்றுகிறது. கோபம், தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. போனால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களா? மாத்திரை பழக்கமாகிவிடுமா?

கவுண்டர் அக்கா:

தம்பி, எழுதினதே நல்லது. தஞ்சோங் ரம்புத்தான் 1911-லிருந்து இருக்கிறது, நம் ஊரில் அதைச் சொல்லியே பயமுறுத்தி வளர்த்துவிட்டார்கள். உங்களைப் போல் வருகிறவர்களை டவுன் கிளினிக்கிலேயே பார்ப்பார்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று ஒன்பது கேள்வி கொண்ட ஒரு தாள் கொடுப்பார்கள். தைராய்டு, ரத்தசோகையும் பார்க்கச் சொல்லுங்கள், அவையும் இதே மாதிரி வேஷம் போடும்.

மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். மனச்சோர்வு மாத்திரை சம்சு மாதிரி போதைப் பழக்கம் ஆகாது, ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். 15555-க்கு அடியுங்கள், சுகாதார அமைச்சின் எண். கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம், தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டத்தை 2023-ல் எடுத்துவிட்டார்கள்.

கவுண்டரில் சொல்ல வெட்கமாக இருந்தால் காஸ்திரிக் என்றே சொல்லி நம்பர் எடுங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தியபிறகு, இங்கே எழுதினதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.