மதியம் ஆனா சோலார் இன்வெர்ட்டர் நின்னு நின்னு ஓடுது, உதவி தேவை

மாடிவீடு
3 கிலோவாட் ஆன்கிரிட் (ஈபி லைனோட சேர்ந்து ஓடற) சோலார் போட்டு மூணு வாரம் ஆகுது. காலைல நல்லா ஓடுது. 11 மணிக்கு மேல இன்வெர்ட்டர்ல சிவப்பு லைட் எரிஞ்சு நின்னுடுது, கொஞ்ச நேரத்துல தானா வருது, மறுபடி நிக்குது. 3 மணிக்கு மேல சரியாயிடுது. போட்டுக் கொடுத்தவங்க போன் எடுக்கறதில்ல. என்ன பண்ணலாம்? அவசரம்.

உச்சிவெயில்
சூடுதான் காரணம். இன்வெர்ட்டரை மாடில நேர் வெயில்ல மாட்டியிருக்காங்களா? பேனலுக்கும் தரைக்கும் நடுவுல காத்து போக இடம் இருக்கா? தூசி படிஞ்சிருந்தா அதையும் கழுவிப் பாருங்க.

கிளாம்ப்மீட்டர்
இவ்வளவு மட்டும் சொன்னா யாராலயும் சொல்ல முடியாதுங்க. இன்வெர்ட்டர் திரையிலயோ ஆப்லயோ என்ன பிழைன்னு காட்டுது? அந்த நேரத்துல ஏசி வோல்டேஜ் எவ்வளவு? வீட்டு சர்வீஸ் சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? ஈபி மீட்டர்ல இருந்து இன்வெர்ட்டர் வரை கேபிள் எத்தனை மீட்டர், கம்பி தடிமன் எத்தனை ஸ்கொயர் எம்எம்?

பழைய வயர்மேன்
இதே கேள்வி இங்க எத்தனை தடவை வந்தாச்சு. கேக்கறதுக்கு முன்னாடி பழைய இழையைப் படிக்கற பழக்கம் ஒருத்தருக்கும் இல்ல. சூடு, தூசின்னு பதில் சொல்றவங்களும் கொஞ்சம் யோசிக்கணும். பேனல் சூடானா உற்பத்தி குறையும், ஒரு டிகிரிக்கு 0.35 சதவீதம் மாதிரி. 65 டிகிரி போனாலும் 14 சதவீதம்தான் போகும், நிக்காது. தூசியா இருந்தா காலைலயும் குறையணும். இது கிரிட், அதாவது ஈபி லைன் வோல்டேஜ் பிரச்சனை.

மாடிவீடு
ஆப்ல "கிரிட் ஓவர் வோல்டேஜ்"னு வருது, 254, 255 காட்டுது. த்ரீ ஃபேஸ் சர்வீஸ், இன்வெர்ட்டர் சிங்கிள் ஃபேஸ். கேபிள் 4 ஸ்கொயர். மீட்டர் கேட்டுகிட்ட, இன்வெர்ட்டர் பின்பக்கம் மாடில.

லைன்மேன் வீட்டுப் பிள்ளை
செட்டிங்ல போய் லிமிட்டை 265 ஆக்கிடுங்க ப்ரோ. அஞ்சு நிமிஷ வேலை. இன்ஸ்டாலர் பாஸ்வேர்ட் மட்டும் வேணும்.

பழைய வயர்மேன்
தம்பி, தப்பான யோசனை. நம்ம நாட்டு விதிப்படி 230-க்கு 110 சதவீதம், அதாவது 253 வோல்ட் தாண்டினா இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள்ள விலகணும். அதை ஏத்திவிட்டா மதியம் பூரா உங்க ஃபிரிட்ஜும் ஏசி போர்டும் 260 வாங்கும். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை உடைக்கற மாதிரி.

லைன்மேன் வீட்டுப் பிள்ளை
அப்ப ஈபி லைன்லயே 250 வந்தா? டிரான்ஸ்ஃபார்மரே 11,000-க்கு 433 வோல்ட். ரூட் 3-ஆல வகுத்தா ஃபேஸுக்கு 250. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல இருக்கற வீட்டுக்கு, லைன்ல லோடு இல்லாத மதியத்துல, அதுதான் வரும். நுகர்வோர் தப்பா அது?

பழைய வயர்மேன்
தப்புன்னு யார் சொன்னது? அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர்ல டேப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கற அமைப்பு) மாத்தணும், மின்னகத்துல புகார் பதியணும். இன்வெர்ட்டர்ல கை வைக்கக்கூடாதுங்கறேன்.

கிளாம்ப்மீட்டர்
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க, இன்னும் அளக்கவே இல்ல. மாடிவீடு, வெயில் நல்லா இருக்கும்போது, இன்வெர்ட்டர் ஓடிட்டிருக்கற அந்த நிமிஷத்துலயே ரெண்டு இடத்துல வோல்டேஜ் பாருங்க: மீட்டர் பக்கத்து மெயின் போர்டுல ஒண்ணு, இன்வெர்ட்டர் பக்கத்து ஏசி பெட்டில ஒண்ணு. கரண்ட்டை வெளியே தள்ளணும்னா இன்வெர்ட்டர் தன் முனையில லைனை விட வோல்டேஜை ஏத்தியே ஆகணும். கேபிள் மெலிசா இருந்தா, நீளமா இருந்தா, இன்னும் ஏத்தணும். 3 கிலோவாட்டுக்கு 12 ஆம்பியர் கிட்ட வரும். காலைல 4 ஆம்பியர்தான், அதனாலதான் காலைல தொல்லை இல்ல.

ரெண்டு அளவுக்கும் 2, 3 வோல்ட் வித்தியாசம்னா கேபிள் சரி, ஈபி பக்கம் பாருங்க. 6-க்கு மேலன்னா கேபிளோ ஜாயின்ட்டோதான். அப்படியே மெயின்ல மூணு ஃபேஸையும் அளந்துடுங்க. ஒரு ஃபேஸ் மட்டும் எகிறி இன்னொண்ணு 215-க்கு இறங்கினா, இல்ல மோட்டார் போடும்போது ஒரு ரூம் லைட் மங்கி இன்னொரு ரூம் லைட் பளிச்சுனு ஆனா, நியூட்ரல் லூஸ். அப்படி இருந்தா மெயினை இறக்கிட்டு உடனே ஈபிக்குச் சொல்லுங்க, சோலாரை அப்புறம் பாத்துக்கலாம். லைவ் பெட்டி, அதனால எலக்ட்ரீஷியனை வெச்சே அளங்க.

முக்கியமா ஒண்ணு: 4 ஸ்கொயர்னா காப்பரா, அலுமினியமா?

உச்சிவெயில்
எதுவா இருந்தாலும் 12 ஆம்பியருக்கு 4 ஸ்கொயர் தாராளம். கேபிள் சூடே ஆகாது.

கிளாம்ப்மீட்டர்
சூடாகாது, சரிதான். ஆனா இங்க கேள்வி அது இல்லைங்க. 4 ஸ்கொயர் காப்பர் கிலோமீட்டருக்கு 4.61 ஓம், அதே 4 அலுமினியம் 7.41. 45 மீட்டர் தூரம்னா போக வர 90 மீட்டர். காப்பர்ல 5 வோல்ட் ஏறும், அலுமினியத்துல 8. மீட்டர்ல 247 இருந்தா காப்பர்ல 252-ல தப்பிச்சிடும், அலுமினியத்துல 255 ஆகி நின்னுடும். விதிப்படி லைன் சரியானப்புறம் ஒரு நிமிஷம் காத்திருந்துதான் திரும்ப வரும். அதான் நின்னு நின்னு ஓடுது.

லைன்மேன் வீட்டுப் பிள்ளை
ஹைப்ரிட் போட்டு பேட்டரி வெச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

பழைய வயர்மேன்
பேட்டரி ரொம்பினதும் அதே கரண்ட் அதே கேபிள்ல அதே லைனுக்குத்தான் போகும். என்ன மாறும்?

*(நாலு நாள் கழிச்சு)*

மாடிவீடு
மெயின்ல 246, இன்வெர்ட்டர்கிட்ட 254. மூணு ஃபேஸும் சமமா இருக்கு. கேபிள் அலுமினியம்தான், 44 மீட்டர். 16 ஸ்கொயர் அலுமினியம் இழுத்தாச்சு, இப்ப 248. ரெண்டு நாளா நிக்கல, நேத்து 13 யூனிட். எல்லாருக்கும் நன்றி.

பழைய வயர்மேன்
கேபிள் முனையில என்ன லக் (கம்பி நுனில மாட்டற உலோக முனை) போட்டாங்க? அலுமினியக் கம்பியை நேரா எம்சிபி உள்ள சொருகியிருந்தா ஆறு மாசத்துல லூஸாகி, கறுத்து, வோல்டேஜ் மறுபடி ஏறும். பைமெட்டல் லக் (அலுமினியமும் காப்பரும் சேர்ந்தது) போட்டு நல்லா அழுத்தி கிரிம்ப் பண்ணணும். 16 ஸ்கொயர் அந்தச் சின்ன ஏசி பெட்டியில நுழைஞ்சுதா? போட்டோ போடுங்க.

கிளாம்ப்மீட்டர்
மாடிவீடு, இதைப் பார்த்தீங்கன்னா கட்டாயம் பதில் போடுங்க.