அமெரிக்க மாணவர் கடன்: வட்டி ஒன்றுதானே என்பவர்களுக்கு

கணக்குப்பிள்ளை:
நேற்று வைகைக்கரை எழுதியது இது: "அமெரிக்க அரசின் மாணவர் கடனுக்கு வெள்ளையருக்கும் கருப்பருக்கும் ஒரே வட்டி. இதில் இனப் பாகுபாடு எங்கே வந்தது?" படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2016-இல் புரூக்கிங்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பட்டம் வாங்கும்போது கறுப்பின மாணவரின் கடன் வெள்ளை மாணவருடையதைவிடச் சராசரியாக 7,400 டாலர் கூட. நான்கே வருடத்தில் அந்த வித்தியாசம் 25,000-ஐத் தொடுகிறது. வட்டி ஒன்றுதான் என்றால் இது எப்படி வந்தது?

வைகைக்கரை:
அதே ஆய்வில் உள்ள மற்றதை ஏன் மறைக்கிறீர்கள்? கருப்பின மாணவர்கள் மேற்படிப்புக்கு நிறையச் சேர்கிறார்கள், அதற்கும் கடன் வாங்குகிறார்கள். அது அவரவர் முடிவு. வட்டி ஒன்றுதான்.

கணக்குப்பிள்ளை:
நான் எதையும் மறைக்கவில்லை, நீங்கள்தான் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். இளநிலைக் கடனை மட்டும் எடுத்தாலும், நான்கு வருடம் கழித்து முன்பைவிட அதிகப் பாக்கியோடு நிற்பவர்கள் கறுப்பினத்தவரில் 48 சதவீதம், வெள்ளையரில் 17. சிரமப்படும் மாதத்தில் வீட்டிலிருந்து யாராவது தவணை கட்டினால், கட்டாத வட்டி சேர்ந்து பாக்கி ஏறாது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் 2022 கணக்கெடுப்பின்படி வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து, அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து, 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. யார் வீட்டில் கட்ட முடியும்?

வைகைக்கரை:
நானும் ஊரில் கல்விக்கடன் வாங்கித்தான் டெக்சாஸ் வந்தேன். நான்கு பேர் ஒரே அறையில் தங்கி அடைத்தேன். யாரும் தள்ளுபடி தரவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கடனுக்கு எதை ஈடு வைத்தீர்கள்? போன வருடம் நீங்களே எழுதினீர்கள், அப்பாவின் வீட்டுப் பத்திரம் என்று. நான் பேசுவதே அந்தப் பத்திரத்தைப் பற்றித்தான். 1930-களில் அரசு வரைபடங்களிலேயே கறுப்பர் குடியிருப்புகளைச் சிவப்பில் குறித்து, வீட்டுக்கடனுக்கு ஆபத்தான இடம் என்றார்கள். 1944-இல், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் கிடைக்க ஜி.ஐ. சட்டம் வந்தது. 1947-இல் மிசிசிப்பி நகரங்கள் சிலவற்றில் எடுத்த கணக்கில், அந்தச் சட்டத்தின் உத்தரவாதத்தோடு கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பருக்குப் போனவை இரண்டே இரண்டு! கடன் கிடைக்காத அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கடன் வாங்கிப் படிக்கிறார்கள்.

வைகைக்கரை:
என் அப்பாவை இழுக்காதீர்கள். முப்பது வருடம் பஸ் ஓட்டிக் கட்டிய வீடு அது. வட்டி ஒன்றா இல்லையா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தென்னங்கீற்று:
வைகைக்கரை, முதலில் 'கறுப்பர்' என்று எழுதப் பழகுங்கள். 'கருப்பு' என்றால் பஞ்சம்.

வைகைக்கரை:
கருமையிலிருந்து வந்தது கருப்பு. தமிழ் வகுப்பு எடுக்க உங்களை யாரும் கூப்பிடவில்லை.

தென்னங்கீற்று:
அகராதியைத் திறந்து பாருங்கள். சங்கத் தேர்தல் சமயத்திலும் இப்படித்தான் பேசினீர்கள்.

நெல்லைச்சீமை:
அதிபராக இருந்த பைடன் 2022-இல் அறிவித்த மாணவர் கடன் தள்ளுபடியை மறுவருடம் உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது. முடிந்த கதை.

கணக்குப்பிள்ளை:
அதிபருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றுதான் தீர்ப்பு. கடன் சுமை சமம் என்று எந்த நீதிபதி சொன்னார்? வைகைக்கரை, உங்கள் அப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு. அவரால் பத்திரம் வாங்க முடிந்தது, நீங்கள் வந்தீர்கள். 48-க்கும் 17-க்கும் இன்னும் பதில் வரவில்லை.

வைகைக்கரை:
மறுபடியும் அப்பா. வட்டி ஒன்றுதான்.