மறு: ‘நியூசன்ஸ் ஆல்கே’ – தொல்லைப்பாசியா, களைப்பாசியா?

வணக்கம்.

கடல்நீர் மீன்தொட்டியில் வேண்டாமல் முளைத்துப் பெருகும் பாசியை ஆங்கிலத்தில் ‘நியூசன்ஸ் ஆல்கே’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த மடல் இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதுவரை வந்தவை தொல்லைப்பாசி, வேண்டாப்பாசி, தீங்குப்பாசி, நச்சுப்பாசி. நச்சுப்பாசியை முதலில் தள்ளிவிடலாம். வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் கல்லின் மேல் முளைக்கிற பச்சை இழையில் நஞ்சு எதுவும் இல்லை, டேங் மீனும் டர்போ நத்தையும் அதைத்தான் மேய்கின்றன. தீங்குப்பாசியை நாம் எடுத்துக்கொண்டால் அது உண்மையாகவே தேவைப்படுகிற இடத்தில் குழப்பம் வரும். மன்னார் வளைகுடாவில் சில சமயம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்குகிறதே, மண்டபம், பாம்பன் பக்கத்து மீனவர்கள் பூங்கோரை என்கிறார்களே, அந்த மாதிரிப் பெருக்கத்துக்கு அந்தப் பெயரை விட்டுவைப்போம்.

தொல்லைப்பாசியில் பிழை ஒன்றும் இல்லை, ஆனாலும் என் ஓட்டு களைப்பாசிக்கு. களை என்பது ஒரு செடியின் இனப்பெயர் கிடையாது. உளுந்து வயலில் தானாக முளைத்த நெல்லும் அங்கே களைதான். தொட்டியிலும் இதே கதை. கீட்டோமார்பா என்ற பாசியைக் காசு கொடுத்து வாங்கி, கீழே உள்ள சம்ப் என்ற துணைத்தொட்டியில் தனி விளக்குப் போட்டு வளர்க்கிறோம், அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக் கொழுத்ததும் அள்ளி எறிகிறோம். அதே பாசி மேல் தொட்டியில் பவளத்தின் இடுக்கில் சிக்கி வளர்ந்தால் திட்டிக்கொண்டே பிடுங்குகிறோம். தொட்டிக்கு வெளியே பார்த்தாலும் அப்படித்தான். காப்பாபைகஸ் பாசியை, உணவைக் கெட்டியாக்கும் காராஜீனனுக்காக மண்டபம் பக்கத்தில் பயிராகவே வளர்க்கிறார்கள், குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்தபோது ஆளை இறக்கிப் பிடுங்க வேண்டியிருந்தது. மீன்தொட்டிகளில் அழகுக்கு வைத்த காலர்பா டாக்சிஃபோலியா 1984இல் மொனாக்கோ கரையோரம் தென்பட்டு, பிறகு மத்தியதரைக் கடலில் பரவிய கதையும் பலருக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு வசதி, களையெடுப்பு என்ற வினை கூடவே வந்துவிடுகிறது. புதிதாகத் தொட்டி வைப்பவர் முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். பாட்டில் மருந்துக்கு ஓடுவதற்கு முன் கையால் பிடுங்கி, பழைய பல் துலக்கியால் தேய்த்து, உதிர்ந்ததை ட்யூபில் உறிஞ்சி வெளியே எடுத்துவிட வேண்டும், தொட்டிக்குள்ளேயே அழுகவிட்டால் உறிஞ்சிய சத்து எல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வரும். “டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் பூஜ்யம் காட்டுகிறது, பாசி மட்டும் காடாக இருக்கிறதே” என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது: தண்ணீரில் கரைகிற பாஸ்பேட்டை அந்தக் காடே தின்றுவிடுகிறது, கிட் மிச்சத்தைத்தான் அளக்கிறது.

களைப்பாசிக்கு எழுதும் வரையறையில் ‘மிகைச்சத்து’ என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். அது வரும் வழிகள்: அளவுக்கு மீறிய தீனி, கழுவாமல் போட்ட உறைமீன், முன்பே பாஸ்பேட் ஊறிய காய்ந்த கல், அப்புறம் நம்மூர்த் தண்ணீர். வீட்டு ஆர்ஓ இயந்திரம் இருக்கிறது, போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது குடிப்பதற்குச் செய்தது. ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையே கலந்துவிடுகிற திருகு பல மாடல்களில் உண்டு, கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் சாதாரணமாக 50க்கு மேல் காட்டும். கேன் தண்ணீரும் பூஜ்யம் காட்டாது. கடல் உப்பைக் கலக்கும் தண்ணீருக்கு ஆர்ஓவுக்குப் பிறகு, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசின் குழாய் ஒன்று வேண்டும், டிடிஎஸ் பூஜ்யத்துக்கு வரும்வரை.

சரி, இப்போது நான் விட்டுக்கொடுக்காத இடம். முன் மடல் ஒன்றில் சிவப்புப் படலத்தையும் பழுப்புச் சளியையும் இதே தலைப்பில் சேர்த்திருந்தார்கள். சேர்க்கக் கூடாது. சிவப்புப் படலம் சயனோபாக்டீரியா. பாடநூல்கள் நீலப்பசும்பாசி என்று எழுதினாலும் அது பாக்டீரியா. குமிழி குமிழியாக, சளி நூல் மாதிரித் தொங்குகிற பழுப்பு பெரும்பாலும் டைனோஃபிளாஜெலேட் (சுருக்கமாக டைனோ) என்ற ஒருசெல் உயிரி. இது வெறும் வகைப்பாட்டுச் சண்டை இல்லை. பச்சை இழைக்குச் சத்தைக் குறைக்கச் சொல்கிறோம். டைனோவோ நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய தொட்டியில்தான் பல நேரம் கிளம்புகிறது, அங்கே சத்தை மெல்ல ஏற்ற வேண்டும். இரண்டையும் களைப்பாசி என்று எழுதிவைத்தால், அதைப் படிப்பவர் பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜிஎஃப்ஓ இரும்புத் துகளை இன்னும் ஒரு பை போட்டு, இருக்கிற பவளத்தையும் சாகடிப்பார்.

உட்பிரிவுக்குக் கண்ணுக்குத் தெரிகிற வடிவத்தையே பெயராக்கலாம். உருண்டை மணி மாதிரி இருக்கும் வலோனியாவுக்குக் குமிழ்ப்பாசி. மரகத நண்டு தின்னும், பிடுங்கும்போது உடைக்காமல் எடுப்பது நல்லது. பிரயாப்சிஸ் சின்ன இறகு போலக் கிளைத்திருக்கும், அதனால் இறகுப்பாசி. இதைத் தனியாகப் பிரிக்கக் காரணம் இருக்கிறது: நத்தைகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை, பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளுகோனசோல் மருந்து இதற்குப் பலருக்கும் வேலை செய்திருக்கிறது. ஹேர் ஆல்கேக்கு மயிர்ப்பாசி என்று எழுத எனக்குத் தயக்கமில்லை, மயிரிழை, மயிர்க்கூச்சம் என்றெல்லாம் எழுதுகிறவர்கள்தானே நாம்; ஆனால் கடைக்காரரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்க முடியாது என்று ஒருவர் எழுதியது நியாயம். இழைப்பாசி என்றே வைத்துக்கொள்ளலாம். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் மணலில் படிகிற, டயட்டம் என்ற நுண்பாசியின் பழுப்புக்குப் பெயரே வேண்டாம், சிலிக்கா தீர்ந்ததும் பெரும்பாலும் அதுவாகவே போய்விடும்.

‘களைப்பாசி’யைக் களைப்பு + ஆசி என்று யாராவது பிரித்துவிடுவார்கள் என்ற பயத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். வாரம் தவறாமல் கல் தேய்க்கிறவர்களுக்கு அதுவும் பொருந்தும். இருந்தாலும், தேவையானால் முதல் இடத்தில் மட்டும் களை-பாசி என்று கோடு போட்டு எழுதிக்கொள்வோம்.

பாசி வளர்க்க ஒதுக்கும் தனித்தொட்டியான ரெஃபியூஜியத்துக்கு ‘அகதித்தொட்டி’ என்று வந்திருப்பதைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். அங்கே வளர்ப்பது பாசி, ஒளிந்து பிழைப்பது கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகள். புகல்தொட்டி போதாதா? கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மருக்கு நுரைப்பிரிப்பான் என்று நான் எழுதிவருகிறேன், இதைவிடக் குட்டையாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.