"ஏற்ற துணை" என்றால் எடுபிடியா? மகளுக்கு என்ன சொல்வது?

கேள்வி: ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை

15 ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைப் பாடம் ஆதியாகமம் 2. நேற்றிரவு அதைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, என் வகுப்பிலேயே படிக்கும் என் மகள் (14 வயது) பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையேட்டில் "பெண், ஆணுக்கு உதவி செய்யவே படைக்கப்பட்டாள்" என்று ஒரு வரி. பென்சிலை எடுத்து, "செய்யவே" என்பதன் கடைசியில் இருக்கும் ஏகாரத்தை மட்டும் வட்டமிட்டாள். "அம்மா, இந்த ஏகாரம் வேதத்தில் இருக்கிறதா, இல்லை இவர்கள் போட்டதா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்த வரியை வாசித்துக் காட்டியிருக்கிறேன், ஒருமுறைகூட எனக்கு அது உறுத்தியதில்லை. அதுதான் இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. சமாதானம் சொல்லி அவளை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. வேதத்தை வைத்தே பதில் வேண்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற எபிரெய ஆசிரியை

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகளின் பென்சில் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. அந்த ஏகாரம் வேதத்தில் இல்லை. "ஏற்ற துணையை அவனுக்கு உண்டாக்குவேன்" என்பதோடு ஆதியாகமம் 2:18 முடிந்துவிடுகிறது.

"துணை" என்ற இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் "ஏசெர்". பழைய ஏற்பாட்டில் அது வரும் இடங்களில் பெரும்பாலானவை கடவுளைக் குறிப்பவை. சங்கீதம் 33:20ஐத் திறந்து மகளிடம் கொடுங்கள்: "அவரே நமக்குத் துணையும் நமக்குக் கேடகமுமானவர்." அதே எபிரெயச் சொல், பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அதே "துணை". மோசே தன் இரண்டாவது மகனுக்கு எலியேசர் என்று பெயரிட்டது ஏன் என்பதை யாத்திராகமம் 18:4 சொல்கிறது. பார்வோனின் பட்டயத்துக்குத் தன்னைத் தப்புவித்த தேவன் தனக்குத் துணைநின்றார் என்பதற்காக. அந்தப் பெயருக்குள்ளும் இந்த ஏசெர்தான் இருக்கிறது. பட்டயத்துக்கு முன்னால் வந்து நிற்பவரை யாராவது எடுபிடி என்பார்களா? "ஏற்ற" என்பதற்கான எபிரெயத் தொடரும் அவனுக்கு எதிரே, முகத்துக்கு முகம் நேராக நிற்பதைச் சொல்கிறது, பின்னால் நிற்பதையல்ல.

என் மாணவர்களிடம் எப்போதும் உல்தாளைப் பற்றிக் கேட்பேன். பாதிப்பேருக்குத் தெரியாது. யோசியா ராஜாவின் 18ஆம் ஆண்டில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைக்கிறது. அதைக் கேட்டு ராஜா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்கிறார். கர்த்தரிடத்தில் விசாரியுங்கள் என்று ஆளனுப்புகிறார். எரேமியா தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்கி அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஆசாரியனாகிய இல்க்கியாவும் மற்றவர்களும் போய் நின்றது உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம் (2 இராஜாக்கள் 22). வேறு ஆள் கிடைக்காததால் போனார்கள் என்று வேதம் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

இயேசுவின் பாதத்தருகே மரியாள் உட்கார்ந்ததையும் (லூக்கா 10:39) நாம் பக்தி என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறோம். வேத போதகரான கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தேன் என்று பவுல் சொல்லும்போது, அவர் மாணவராக இருந்தார் என்று சரியாகப் புரிந்துகொள்கிறோமே! மரியாளும் மாணவிதான். அந்த இடம் அவளைவிட்டு எடுபடாது என்று இயேசுவே சொன்னார்.

பதில் 2: ஒரு சபை மூப்பர்

அம்மா சொன்னவற்றை மதிப்போடு வாசித்தேன். ஆனாலும் 1 கொரிந்தியர் 14:34ஐயும் 1 தீமோத்தேயு 2:12ஐயும் தாண்டிப் போக முடியாது. முதலாவதில் "ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்" என்பது தெளிவான கட்டளை. பெண் உபதேசிக்கவும் ஆண்மேல் அதிகாரஞ்செலுத்தவும் தாம் அனுமதிப்பதில்லை என்று இரண்டாவதில் பவுல் சொல்கிறார். பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஆண்களே. மதிப்பு சமம், பொறுப்பு வேறு என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

பதில் 3: ஓய்வுபெற்ற எபிரெய ஆசிரியை

ஐயா, அந்த வசனங்களைத் தாண்டச் சொல்லவில்லை. அவை இருக்கும் அதிகாரத்தை முழுமையாக வாசிக்கச் சொல்கிறேன். 1 கொரிந்தியர் 14இல் மூன்று பேரை அமைதியாக இருக்கச் சொல்கிறார் பவுல். அர்த்தம் சொல்ல ஆளில்லாதபோது அந்நியபாஷை பேசுகிறவன் (28), மற்றொருவனுக்கு வெளிப்பாடு வந்தால் முந்திப் பேசினவன் (30), பிறகு ஸ்திரீகள் (34). மூன்றுக்கும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். முதல் இருவருக்கும் அந்த வேளைக்கான ஒழுங்கு என்று எடுத்துக்கொள்கிறோம். மூன்றாவதை மட்டும் ஆயுள் முழுவதற்கும் நீட்டுகிறோம். அதே நிருபத்தின் 11:5இல் பெண்கள் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்லுவதையும் பவுல் தடுக்கவில்லை, தலையை மூடிக்கொள்ளத்தான் சொல்கிறார். வாய் திறக்கக் கூடாதவர்கள் எப்படித் தீர்க்கதரிசனம் சொல்வார்கள்?

1 தீமோத்தேயு 2:12 கடினமான வசனம்தான். "அதிகாரஞ்செலுத்த" என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. அறிஞர்கள் இன்றும் அதில் ஒத்துப்போகவில்லை. அப்படியொரு சொல்லின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது எனக்குப் பயமாக இருக்கிறது. பன்னிருவரும் ஆண்கள் என்பது உண்மை, அவர்கள் யூதர்களும்கூட. அதைக் காட்டி, யூதரல்லாதவர் போதகராகக் கூடாது என்று நாம் சொல்வதில்லையே, ஐயா. உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷர்களிடம் போய்ச் சொல்லும்படி கர்த்தர் முதலில் அனுப்பியது மகதலேனா மரியாளை (யோவான் 20:17).

சகோதரி, ரோமர் 16ஐயும் ஒருநாள் வகுப்பில் சத்தமாக வாசியுங்கள். பெபேயாள், பிரிஸ்கில்லாள், யூனியா, திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். வாழ்த்துப் பட்டியல்தானே என்று வேகமாகக் கடந்துவிடும் அதிகாரம் அது. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று பெபேயாளைச் சொல்லும் இடத்தில் பவுல் எழுதியது "தியாகோனொஸ்" என்ற சொல். தம்மைக் குறித்தும் உடன் ஊழியரான அப்பொல்லோவைக் குறித்தும் 1 கொரிந்தியர் 3:5இல் அவர் எழுதுவதும் அதுவே.

கேள்வி கேட்டவர்

அம்மா, சங்கீதம் 33:20ஐ மகளிடம் காட்டினேன். வாசித்தாள், ஆதியாகமத்துக்குப் போனாள், திரும்பவும் சங்கீதத்துக்கு வந்தாள். கையேட்டில் அந்த ஏகாரத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் "சங். 33:20" என்று எழுதி வைத்தாள். மூப்பர் ஐயாவுக்கும் நன்றி. என் வகுப்பிலும் இந்தக் கேள்வியை ஒருத்தி கேட்கத்தான் போகிறாள்.

இன்னொன்றும் தேடி வைத்திருக்கிறேன். எண்ணாகமம் 27. தகப்பன் செலோப்பியாத் ஆண்பிள்ளை இல்லாமல் வனாந்தரத்தில் இறந்துபோகிறார். அவருடைய ஐந்து மகள்கள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபை முழுவதற்கும் முன்பாக நின்று எங்களுக்கும் காணி வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொல்லிவிடுகிறார். பின்னால் 36ஆம் அதிகாரத்தில் சொந்தக் கோத்திரத்துக்குள்தான் மணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. அதையும் மறைக்காமல் சொல்வேன். என் வகுப்பில் பெண்பிள்ளைகள் ஐந்து பேர். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஆளுக்கு ஒரு பெயரை எழுந்து நின்று வாசிக்கச் சொல்லப்போகிறேன். நோவாள் தனக்குத்தான் என்று என் மகள் இப்போதே சொல்லிவிட்டாள்.